போதுமென்ற மனது யாருக்கு?



செய்கிற வேலையில் திருப்தியாயிருங்கள் என்று ஆனைக்குட்டத்தில் பிரசங்கிப்பது எளிது. ஆனால் அலுமினியப் பொடி படிந்த விரல்களோடு ஆராதனைக்கு வருகிறவளிடம் அதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தில் மனரம்மியத்தைக் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுவது தம்மைக் குறித்தே, அதுவும் சிறைக்கட்டுகளிலிருந்து. பிறருடைய கட்டுகளை நியாயப்படுத்த அவர் அதை எழுதவில்லை. யாத்திராகமம் 5-இல் முறையிட்ட தொழிலாளரைச் சோம்பேறிகள் என்றவன் பார்வோன். நம் அறிவுரை அவன் குரலில் ஒலிக்கலாகாது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்பது விதி. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என எச்சரிக்கிறது உபாகமம் 22:8. ஆலைக்கு அந்த விதியே கைப்பிடிச்சுவர்.

முதலாளியாயிருக்கும் சகோதரரே, முதலில் அந்தச் சுவரைக் கட்டுங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். உழைக்கும் சகோதரியே, ஐந்தாவது ஆளாய் அறைக்குள் நுழைய மறுப்பது முறுமுறுப்பல்ல. மாலையில் உயிரோடு வீடு திரும்புவோம் என்னும் நிச்சயமுள்ள இடத்தில்தான் வேலையில் திருப்தி பிறக்கும்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.