ஒரு காகிதம்... சில மடிப்புகள்!



வகுப்பில் காகித ராக்கெட் செய்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று திட்டும் வாங்கியிருப்பீர்கள். இந்த வாரம் நான் உங்கள் கட்சி!

ஓசூர் சிப்காட் பக்கம் போனால் பாருங்கள். தட்டை அட்டைகள் கட்டுக்கட்டாகத் தொழிற்சாலைக்குள் போகும். சரக்கு நிரம்பிய பெட்டிகளாக வெளியே வரும். எங்கே மடித்தால் பெட்டி நிற்கும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதற்குச் சம்பளமும் உண்டு.

காகிதம் மடிக்கும் கலைக்கு ஜப்பானில் 'ஓரிகாமி' என்று பெயர். அங்கே அகிரா யோஷிசாவா (1911-2005) என்றொருவர். சிறு வயதிலேயே டோக்கியோவில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். பிறகு வரைபடம் போடுபவராக உயர்ந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வடிவியல் சொல்லித்தரும் பொறுப்பு வந்தபோது, காகிதத்தை மடித்துக் காட்டியே பாடம் நடத்தினார். பின்னாளில் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞரானார். கனமான காகிதத்தை லேசாக ஈரப்படுத்தி மடித்தார். வளைவுகள் வந்தன, விலங்குகள் சிலை போல உட்கார்ந்தன! அதன்பிறகே பெரியவர்களும் இதைக் கலை என்று மதிக்கத் தொடங்கினார்கள்.

1995-ல் விண்வெளியில் விரிந்த ஒரு ஜப்பானிய சூரியத் தகடும், கோர்யோ மியூரா என்ற பேராசிரியர் கண்ட மடிப்பில் மடித்து அனுப்பப்பட்டதுதான்.

நம் பக்கத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார். டி.சுந்தர ராவ். சென்னை மாகாணத்தில் அரசு வருவாய்த் துறையில் இருந்தவர். காகிதத்தை மடித்தே வடிவியல் கற்கும் அவரது ஆங்கிலப் புத்தகம் 1893-ல் சென்னையில் வெளிவந்தது. மழலையர் வகுப்பின் காகித விளையாட்டுதான் அதற்கு யோசனை தந்ததாம்! 1901-ல் சிகாகோவிலும் அச்சானது.

கைத்தொழில் பீரியடைக் கணக்கு சார் 'கடன்' வாங்குவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. (நானும் ஆசிரியராக இருந்தவன், அந்தக் கடன் திரும்பி வந்து பார்த்ததில்லை!) ஆசிரியர்களே, கடன் வாங்குங்கள், பரவாயில்லை. ஆனால் அந்த ஒரு பீரியடிலாவது பிள்ளைகள் கையில் காகிதம் இருக்கட்டும். இரண்டு பாடமும் ஒன்றாக நடக்கும்.

செல்வங்களே, ஒரு சதுரக் காகிதம் எடுங்கள். புத்தகம் போலப் பாதியாக மடித்து விரியுங்கள். நடுக்கோடு கிடைக்கும். கீழ் வலது மூலையைத் தூக்கி அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். மடிப்பு மட்டும் கீழ் இடது மூலை வழியாகவே போக வேண்டும். மூலை தொட்ட இடத்தில் புள்ளி வைத்து, விரித்து, கீழ் மூலைகள் இரண்டோடும் கோடு போட்டுச் சேருங்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணம்! ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏன் சமமாக வந்தது? காகிதத்தோடு போய்க் கணக்கு சாரிடம் கேளுங்கள்.