பெயர்ப்பலகை மாறியது, நம் வாய்?

எனக்குப் பிறந்த வீடு கும்மிடிப்பூண்டி, வாழ்க்கைப்பட்டது காசிமேடு. படிப்பு பத்தாவது வரைதான்.

போன மாதம் தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள், "சித்தி, எங்க கிளாஸ்ல ஒரு அகதிப் பொண்ணு இருக்கா. இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டேங்கிறா. படிச்சா மட்டும் கவர்மென்ட் வேலையா குடுக்கப் போறாங்கன்னு கேக்கறா" என்றாள் சர்வசாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒருத்தி என்னோடும் படித்தாள். "விளங்கேல்ல டீச்சர்" என்பாள், வகுப்பே சிரிக்கும். நோட்டைக் "கொப்பி" என்பாள், அதற்கும் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். போகப் போக அவள் வாயே திறப்பதில்லை. பாடம் புரியாவிட்டாலும் கேட்க மாட்டாள். பத்தாவதோடு நின்றுவிட்டாள்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது பள்ளியில் படிக்கிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடையாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பில் மனசு விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. "அகதிகள் முகாம்" என்பதை "மறுவாழ்வு முகாம்" என்றும் மாற்றியது. பெயர்ப்பலகை மாறியும் நம் வாய் மாறவில்லையே! பிள்ளைகள் அந்த வார்த்தையை எங்கே கற்றார்கள்? வீட்டில், நம்மிடம்தான்.

"மீன் நாத்தம்" என்று வகுப்பில் கேலி செய்தார்கள் என என் மகன் ஒருநாள் அழுதுகொண்டு வந்தபோது என் வயிறு எரிந்தது. அந்தத் தாய்க்கும் அப்படித்தானே இருக்கும்?

அக்கா மகளிடம், "அவளுக்குப் பேர் இருக்குல்ல? பேர் சொல்லிக் கூப்பிடு. விட்டுப்போன பாடத்தை நோட்டோட கொண்டுபோய்க் குடு" என்றேன். போனாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றாளாம் அந்தப் பெண். வந்தாள். தொடர்ந்து வருகிறாளா என்று தினமும் போன் போட்டுக் கேட்கிறேன்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். அவளை நம் வீட்டில் என்ன சொல்லிப் பேசுகிறோம் என்று கொஞ்சம் யோசிப்போமா?

- ஒரு வாசகி, காசிமேடு.