பூசுதல் பேணுதல் ஆகாது

புதுப்பித்தல் என்னும் நல்ல சொல் இன்று ஒரு பெருந்தவற்றுக்குப் போர்வையாகி விட்டது. ஊரில் பழைய வீடு கைமாறும்போது தாத்தாவின் சாய்வு நாற்காலியோ, பாட்டியின் சீதனப் பெட்டியோ, கூடத்து ஊஞ்சற் பலகையோ லாரி ஏறித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேருகின்றது. வந்த ஒரு திங்களுக்குள் அதன்மீது உப்புத்தாள் ஓடுகின்றது. பள்ளங்களில் பட்டி அடைக்கப்படுகின்றது. அதன்மேல் எனாமல் வண்ணமோ, கண்ணாடிபோல் மின்னும் பாலியூரித்தேன் பூச்சோ ஏறுகின்றது. விருந்தினர் வந்து, "அடடா, புதிதுபோல் இருக்கிறதே!" என்று வியக்கின்றனர். வீட்டார் மகிழ்கின்றனர்.

அந்தப் பாராட்டையே நான் குற்றப்பத்திரிகையாகக் கொள்கின்றேன். புதியதொன்று வேண்டுமாயின் கடையில் வாங்கலாம். தில்லி கீர்த்தி நகரில் அதற்குக் குறைவில்லை. பழையதை ஊரிலிருந்து இத்தனை தொலைவு சுமந்து வந்தது அது பழையது என்பதற்காகவே. அந்தப் பழமையைச் சுரண்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய பலகைக்குப் புதுமேனி பூட்டுவது பேணுதல் ஆகுமா? ஆகாது. அது மூடுதல், சில நேரங்களில் அழித்தல்.

அழிவது யாது என்று கேட்கலாம். மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. புலவர்க்கு ஏடு உண்டு. நம்போன்ற எளிய குடும்பங்கள் வாழ்ந்ததற்குச் சான்று எங்கே இருக்கின்றது? நாற்காலியின் கைப்பிடி ஒருபுறம் மட்டும் தேய்ந்திருக்கும். அங்கே ஒரு முழங்கை நாற்பதாண்டு ஊன்றியிருந்தது. பெட்டி மூடியின் உட்புறத்தில் பால் கணக்கு எழுதிய பென்சில் வரிகள் இருக்கும். கதவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஊறிய கறை இருக்கும். ஊஞ்சற் பலகையில் வெற்றிலைப் பெட்டி வைத்துவைத்துப் பதிந்த தடம் இருக்கும். இவற்றையெல்லாம் உப்புத்தாள் ஒரு பிற்பகலில் துடைத்துவிடுகின்றது. தேக்கும் ஈட்டியும் ஒளியும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில் பெறும் முதிர்ந்த நிறமோ மேற்பரப்பின் மெல்லிய படலத்தளவே நிற்பது. அதை உரித்துவிட்டால், திரும்பப் பெற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

அந்த மரத்தின் வரலாற்றையும் எண்ணுதல் வேண்டும். தமிழகத்துப் பெரிய வீடுகள் பலவற்றின் தூணும் கதவும் கட்டிலும் பர்மாத் தேக்கால் ஆனவை. வாணிபத்தின் பொருட்டு நம்மவர் இரங்கூன் சென்ற காலத்தில் கப்பலேறி வந்த மரம் அது. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த இந்தியர் பல்லாயிரவர் உடைமைகளைக் கைவிட்டுக் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினர். அவர்கள் முன்னமே அனுப்பிய மரம் இங்கே நின்றது. ஆகவே, புலம்பெயர்ந்து வந்தோர் நாம் மட்டும் அல்லேம். நாம் அமர்ந்திருக்கும் பலகையும் புலம்பெயர்ந்ததே. அத்தகைய மரத்தை இனிப் பெறுவதும் எளிதன்று. அறுக்கப்படாத மரத்தை ஏற்றுமதி செய்வதை அந்நாடு 2014 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. இழைத்துத் தள்ளிய சுருளைத் திரும்ப ஒட்ட எந்தத் தச்சராலும் இயலாது.

இலக்கிய அன்பர்க்கு விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். உ.வே.சாமிநாதையர் 1904-இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தார். முதற்பத்தும் பத்தாம் பத்தும் ஏடுகளில் கிடைக்கவில்லை. அவருக்கிருந்த புலமைக்கு இருபது பாடல்களைப் புனைந்து இடையில் சேர்த்திருக்க இயலாதா? அவர் அவ்வாறு செய்யவில்லை. கிடைத்த எண்பதைக் கிடைத்தவாறே தந்தார். இல்லாததை இல்லை என்றார். ஆதலால்தான் அந்த எண்பதை இன்று நாம் நம்புகின்றோம். செல்லரித்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பியிருந்தால், முழுநூலுமே ஐயத்துக்கு இடமாகியிருக்கும். 1964-இல் வெனிசு நகரில் கூடிய பாதுகாப்பு வல்லுநரும் இதையே கட்டடங்களுக்கு விதியாக்கினர்: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். ஏட்டுக்கும் கோபுரத்துக்கும் பொருந்தும் அறம் பாட்டியின் பெட்டிக்கு மட்டும் பொருந்தாதா?

பழந்தச்சர் இந்த அறத்தைத் தம் பொருள்களிலேயே வைத்திருந்தனர் என்பது வியப்புக்குரியது. மூட்டுகளை ஒட்ட அவர்கள் கையாண்ட வச்சிரப்பசை, விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது; வெந்நீர் பட்டால் இளகும். ஆதலின் ஐம்பதாண்டு கழித்து வேறொரு தச்சர் மூட்டைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் ஒட்டலாம். மேற்பூச்சாகக் கையாண்ட அவலரக்கும் அத்தகையதே. புரசு, பூவம், இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைத் தூய்மை செய்து, அவல்போல் மெல்லிய தகடாக்கிச் சாராவியில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்ப்பர். இன்றும் இந்தியாவில் அரக்கு மிகுதியாக விளைவது சார்க்கண்டு மாநிலத்தில். இராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இலேயே இதற்கென ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அரக்குப் பாலிஷ் வெப்பத்துக்கும் நீருக்கும் அஞ்சும். சூடான காப்பித் தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். உண்மையே. ஆயினும் சாராவி தோய்த்த துணியால் மெல்ல ஒற்றினால் அவ்வட்டம் பெரும்பாலும் மறையும். புதுப்பூச்சு பழம்பூச்சோடு கரைந்து ஒன்றாகும். பாலியூரித்தேனோ ஒருமுறை இறுகினால் இறுகியதே. பின்னர் கீறல் விழுந்தால் முழுவதும் சுரண்டுவதன்றி வேறு வழியில்லை. பின்வருவோர் திருத்துவதற்கு இடம்விட்டுப் பணி செய்தவர் முன்னோர். தம் செயலே முடிவானது என்று முத்திரை குத்துவோர் நாம்.

மரம் உயிரற்றது என்று எண்ணுவதும் பிழை. ஈரம் மிகுந்தால் அது குறுக்குவாட்டில் விரியும், வறட்சியில் சுருங்கும், நீளவாட்டில் மாற்றம் மிகச் சிறிது. இதை அறிந்தே பழந்தச்சர் கதவுச் சட்டத்தின் காடியில் பலகையை ஒட்டாமல் இளக்கமாக நிறுத்தினர். தஞ்சைக் காற்றில் பிறந்த பெட்டி தில்லியின் மே மாத அனலில் சுருங்கும். மும்பையின் ஆடி மழையில் புடைக்கும். காடிகளில் பட்டியடைத்து வண்ணத்தால் பலகையைச் சட்டத்தோடு பிணைத்துவிட்டால், விரியவும் சுருங்கவும் இடமின்றிப் பலகை நடுவே பிளக்கும். அப்போது, "பழைய மரம், உளுத்துப் போயிற்று" என்று மரத்தின்மேல் பழி சுமத்துகின்றோம்.

இனி, மாறுபடுவோர் கூறுவனவற்றைக் காண்போம். "வீடு சிறியது, இருண்ட சாமான் கண்ணை அடைக்கின்றது, பிள்ளைகள் வெண்மையை விரும்புகின்றனர்" என்பர் சிலர். இருளுக்குக் காரணம் பெரும்பாலும் மரமன்று. ஆண்டுக்கணக்கில் ஏறிய அழுக்கு. பளபளப்புக்கென நாம் தடவும் தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகும் இயல்பினதன்று. பிசுக்காக நின்று தூசியை ஈர்த்துக் கருமை ஏற்றுகின்றது. அதை நீக்கினாலே மரம் ஒளிரும். வெண்மைதான் வேண்டுமெனில் ஒட்டுப்பலகை அலமாரிக்கு வெண்மை பூசுங்கள், எவரும் தடுக்கவில்லை.

"என் பொருள்; என் விருப்பம்" என்பர் வேறு சிலர். சட்டப்படி சரியே. ஆனால், பங்கு பிரிக்கும்போது பெட்டி ஒருவருக்கு வந்தது என்றால், மற்ற உடன்பிறந்தார் தம் நினைவுகளையும் அதனுள் வைத்தே கொடுத்தனர். பெயரனுக்குச் சேரவேண்டியதும் அதில் உண்டு. வைத்திருப்பவர் காவலர், முழு உரிமையாளர் அல்லர்.

"வண்ணமே ஆகாதா? சங்கேடா நாற்காலிகள் வண்ணம் பூசியவைதாமே?" என்பது மூன்றாவது வினா. நல்ல வினா. குசராத்தின் சங்கேடாவில் கடைந்த தேக்கின்மீது வண்ணமும் அரக்கும் ஏற்றுவது அக்கலையின் உயிர். செய்தவர் வண்ணம் தீட்டியிருந்தால் அந்த வண்ணத்தைக் காக்க வேண்டும். தீட்டாமல் விட்டிருந்தால் அந்த வெறுமையைக் காக்க வேண்டும். அந்தந்தப் பொருளுக்குரிய முறைமை இதுவே. என் வழக்கு வண்ணத்தின்மேல் அன்று.

இன்னொரு சாராரையும் விடுவதற்கில்லை. பழமை நாகரிகமாகி விட்ட இந்நாளில், நல்ல மேசையை வேண்டுமென்றே கீறியும் ஆணியால் குத்தியும் வண்ணத்தை அங்கங்கே தேய்த்தும் 'பழம்பொருள்' ஆக்குவோர் அவர்கள். வாழாத வாழ்க்கைக்குத் தழும்பு வரைவது இது. உண்மைத் தழும்பை மறைப்பதும் பொய்த் தழும்பைத் தீட்டுவதும் ஒரே குற்றத்தின் இருமுகங்கள். வேறு சிலரோ காரைக்குடிப் பழம்பொருட் கடையில் தம் வீட்டுப் பெட்டியை விற்றுவிட்டு, மும்பை ஓஷிவாராவில் பிறர் வீட்டுப் பெட்டியை வாங்கி முன்னறையில் நிறுத்துகின்றனர். அவர்களுக்கு விடை கூறுவது வீண்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில் பொறுமை. உலர்ந்த துணியால் தூசி துடையுங்கள். பிழிந்த ஈரத்துணியில் சிறிது மென்சோப்பு நீர் தோய்த்து, மறைவான மூலையில் சோதித்தபின் அழுக்கை நீக்கி உடனே உலர்த்துங்கள். எரிசோடா நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது தேக்கைக் கருக்கி மூட்டுப் பசையையும் இளக்கும். ஆடும் காலைப் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். இரும்பாணி அறைய விடாதீர்கள். பிளவுக்கு அதே இன மரத்தின் மெல்லிய சிம்பைச் செருகச் சொல்லுங்கள். இறுதியில் அரக்குப் பாலிஷோ தேன்மெழுகோ போதும். ஆளிவிதை எண்ணெய் கையாண்டால் அத்துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது அது. துணியை விரித்து உலர்த்துக.

முன்பே வண்ணம் பூசப்பட்ட பொருளாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். அதை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அப்பணியைச் செய்தலாகாது; வெளியிடத்தில், ஈரப்படுத்தியே, தகுந்த முகக்கவசத்துடன் செய்ய வேண்டும். பூசியவர் கடந்த தலைமுறையினராயினும், விலை கொடுப்பவர் வரும் தலைமுறையினர். பூச்சின் தீமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அனைத்துக்கும் மேலாக, பொருளைப் பயன்படுத்துங்கள். நாற்காலியில் அமருங்கள், பெட்டியில் புடைவை வையுங்கள். கண்ணாடிக்குள் பூட்டி வணங்குவதற்கு அது சிலை அன்று. தமிழெழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். தாத்தாவின் கடிதங்கள் அவர்களுக்கு எட்டவில்லை. ஆயினும் அவர் கை தேய்த்த இடத்தில் தம் கையை வைக்க எந்தப் பள்ளியும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த ஓரிடத்தையும் நாம் வண்ணத்தால் மூடிவிட்டால், அவர்கள் தொடுவதற்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகின்றோம்?