அறம் போதித்தது போதும், செய்துபார்க்கச் சொல்லுங்கள்

ஆய்வு மாணவருக்கு நேர்மையைக் கற்பிக்கவேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளை வகுத்தது. 2019-இல் முனைவர் பட்ட மாணவர் அனைவருக்கும் ஆய்வறம், வெளியீட்டறம் பற்றிய 30 மணி நேரப் பாடமொன்றைக் கட்டாயமாக்கியது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. விளைந்தது என்ன? ஆய்வேட்டை மென்பொருளில் இட்டு, ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் நின்றுவிட்டால் மாணவரும் நெறியாளரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். பிறர் சொல்லைத் திருடாதிருத்தல் ஒன்று. தான் சொல்வது மெய்யாயிருத்தல் மற்றொன்று. ஒரு சொல்லைக்கூடத் திருடாமல் முழுக்க முழுக்கத் தவறான ஆய்வேட்டை எழுதிவிட முடியும். அதைக் கண்டுபிடிக்க இன்னோர் ஆய்வாளர் அதே வழியில் நடந்து பார்க்கவேண்டும். நடந்து பார்ப்பதற்கு வழி திறந்திருக்கவேண்டும். தரவு, கணக்கிட்ட முறை, எதைச் சேர்த்தோம், எதை ஏன் விலக்கினோம் என்ற குறிப்பு ஆகிய யாவற்றையும் பிறர் காண வைப்பதைத்தான் திறந்த அறிவியல் என்கிறார்கள்.

இது வெறும் ஒழுக்கப் பிரச்சினையன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி மறுபடி செய்து பார்த்து, முடிவை 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் தேறியவை. மறுபடி செய்தபோது தேறியவை 36 விழுக்காடு. மூல ஆசிரியர்கள் எல்லோரும் பொய்யர்களா? அல்லர். தரவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றிக்கொள்வதும், ஒத்துவந்ததை மட்டும் எழுதி ஒவ்வாததை மேசை அறைக்குள் போட்டுவிடுவதும் குற்றமென்று அவர்களுக்கு எவரும் பயிற்றுவிக்கவில்லை.

பயிற்சியும் விதியும் மாறினால் முடிவும் மாறும். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், இரத்த நோய் ஆய்வு நிறுவனத்தின் நிதியில் நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளை இருவர் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டனர். எதை அளக்கப்போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே பொதுவில் பதிவு செய்யும் வழக்கம் வந்தது 2000-ஆம் ஆண்டையொட்டி. அதற்கு முன் 30 சோதனைகளில் 17 பயன் காட்டின. அதன்பின் 25 சோதனைகளில் பயன் காட்டியவை 2. மருந்துகள் திடீரென வலுவிழந்துவிட்டன என்று நம்புவோர் நம்பட்டும். முன்கூட்டிச் சொன்ன சொல் ஆய்வாளரின் கையைக் கட்டிப்போட்டது என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது? விடை ஒரு வகுப்பறையில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டனுக்குப் பாடத்தின் பகுதியாக ஒரு வேலை தரப்பட்டது: வெளியான கட்டுரையொன்றை எடுத்து அதே முடிவு வருகிறதா என்று செய்துபார். அவர் எடுத்தது ஹார்வர்டின் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிக் கடன்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்றது அது. அரசுகள் செலவைக் குறைக்கவேண்டும் என்போருக்கு அது வேதவாக்காயிருந்தது. மாணவருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. மூல ஆசிரியர்களிடமே கேட்டு எக்செல் கோப்பைப் பெற்றார். சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை. சராசரியெடுத்த முறையும் கேள்விக்குரியதாயிருந்தது. யாவற்றையும் திருத்தியபோது வளர்ச்சி 2.2 விழுக்காடு என்று 2013-இல் தம் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து வெளியிட்டார். சூத்திரப் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மற்றவற்றை மறுத்தார்கள். மறுக்கட்டும். கோப்பு வெளியே வந்ததால்தானே அந்த வாதமே நடக்க முடிந்தது?

"இதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு, இலக்கியத்துக்கு என்ன?" என்று என் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாடல்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்விடத்தைக் காலியாகவே விட்டார். தமிழில் அவருக்கிருந்த புலமைக்கு இரண்டு பாடல்களை இட்டு நிரப்புவது அரிதா என்ன? ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார். சுவடி தந்தவர்களை முகவுரையில் குறித்தார். பின்வருவோர் தம்மைச் சரிபார்க்க வழிவிட்ட இந்தப் பண்பைத்தான் இன்று புதுப்பெயரிட்டு உலகம் கற்றுக்கொள்கிறது. நாமோ, ஓர் உவமை சங்க இலக்கியத்தில் இத்தனை இடங்களில் வருகிறது என்று எழுதுகிறோம். எந்தப் பதிப்பு, எந்தெந்த அடிகள் என்ற பட்டியலைத் தருவதில்லை.

மறுப்புகள் உண்டு. நோயாளியின் அந்தரங்கத்தைக் கடைவிரிக்கலாமா என்பார்கள். கூடாது, அத்தகைய தரவை நிபந்தனையோடு தரலாம், கணக்கிட்ட முறையை மறைக்கக் காரணமில்லை. தரவைத் திருடிவிடுவார்கள் என்பார்கள். நாளிட்டுப் பொதுக் களஞ்சியத்தில் வைத்த தரவுக்கு உரிமையாளர் யாரென்பதில் ஐயம் எழாது. மேசை அறைக்குள் கிடப்பதற்குத்தான் சாட்சியில்லை. நேரமில்லை என்பார்கள். எவரும் படிக்காத கட்டுரைகளை எழுதுவதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

இவை எதுவும் உண்மையான தடையன்று என்பது என் துணிபு. நம் கல்விக்கூடங்களில் மாணவர் நெறியாளரின் முடிவைச் சோதிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லப் பழகிய மாணவருக்கு முப்பது மணி நேரம் அறம் போதித்து என்ன பயன்?

ஆகவே நான் கேட்பது ஒன்றே. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும், எத்துறையாயினும், முதலாண்டில் வெளியான ஓர் ஆய்வை மறுபடி செய்து பார்க்கவேண்டும். அறிவியல் மாணவர் சோதனையையோ கணக்கையோ செய்யட்டும்; தமிழ் மாணவர் ஓர் ஆய்வேட்டின் ஓரியலை எடுத்து மேற்கோள்களை மூலப்பதிப்போடு ஒப்பிடட்டும், எண்ணிக்கைகளை மீண்டும் எண்ணட்டும். 'சோத்கங்கா' களஞ்சியத்தில் ஆய்வேடுகள் ஏராளமாய்க் காத்திருக்கின்றன, செலவு கிடையாது. ஒத்துவந்தாலும் வராவிட்டாலும் முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடவேண்டும். மாணவர் கையில் கொடுக்கும் முதல் ஆய்வேடு நெறியாளரின் சொந்த ஆய்வேடாகவே இருக்கட்டும். அதற்கு இசையாத நெறியாளர் வெளிப்படைத்தன்மை பற்றிக் கருத்தரங்குகளில் பேசாதிருப்பது நல்லது.