இலவசம் வேறு, கட்டற்றது வேறு: டோரண்ட் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உழைக்கும் குடும்பங்களில் கணினி என்பது ஒருவருக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. பிள்ளைகளின் பாடம், மின்கட்டணம், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி விவரம் என அனைத்தும் ஒரே கணினியில்தான் கையாளப்படுகின்றன. கட்சி உறுப்பினரின் வீடு எனில், கிளையின் உறுப்பினர் பட்டியலும், பத்திரிகைச் சந்தாக் கணக்கும், தொழிற்சங்கச் சுற்றறிக்கையும் அதே கணினியில்தான் இருக்கும். ஆகவே அந்தக் கணினிக்குள் நுழையும் ஒவ்வொரு மென்பொருளும் வீட்டுக்குள் அனுமதிக்கப்படும் ஒரு விருந்தாளியைப் போன்றது. யார் அனுப்பி வந்தவர், யாருக்காக வேலை செய்பவர் என்று கேட்டறியாமல் கதவைத் திறப்பது சரியன்று.

இந்தக் கேள்வி மிகக் குறைவாகக் கேட்கப்படும் இடம் டோரண்ட் மென்பொருள். பெரிய கோப்பு ஒன்று தேவைப்படுகிறது. யாரோ ஒரு பெயரைச் சொல்கிறார்கள். தேடுபொறியில் முதலில் கண்ணில்படும் பொத்தான் அழுத்தப்படுகிறது. பிறகு திரையின் ஓரத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடத் தொடங்குகிறது. காசு கொடுக்காமல் கிடைத்ததால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர். அந்தக் கருத்து தவறானது. விளம்பரமே இல்லாத, மூலநிரல் மறைக்கப்படாத, யாருக்கும் லாபம் ஈட்டித் தர வேண்டிய கட்டாயம் இல்லாத மென்பொருட்கள் பல ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ரசனை சார்ந்த விஷயமன்று. அந்தக் கருவி யாருடைய உடைமை என்பதைச் சார்ந்த விஷயம்.

கூட்டுழைப்பில் இயங்கும் ஏற்பாடு

அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001ஆம் ஆண்டு பிட்டோரண்ட் நெறிமுறையை உருவாக்கினார். வழக்கமான பதிவிறக்கத்தில் ஒரே சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோப்பைக் கேட்பார்கள். கேட்போர் பெருகப் பெருக சர்வர் திணறும்; அதை நடத்துபவரின் செலவும் ஏறும். பிட்டோரண்ட் இதைத் தலைகீழாக்கியது. கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர், அது இல்லாத மற்றவருக்கு உடனே கொடுக்கத் தொடங்குகிறார். கேட்போர் கூடினால் கொடுப்போரும் கூடுகின்றனர். ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. இடையில் எவரேனும் துண்டை மாற்றி அனுப்பினால், பெறும் கணினி அதை நிராகரித்துவிடும்.

டோரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்று பொதுவெளியில் பதிந்துள்ள எண்ணம் உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களும் லிப்ரே ஆபீஸ் அலுவலக மென்பொருளும் டோரண்ட் வழியாகவும் அதிகாரப்பூர்வமாகவே வழங்கப்படுகின்றன. இணைய ஆவணகம் எனப்படும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன்னிடமுள்ள நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் டோரண்ட் வழியாகவும் தருகிறது. பெரிய முதலீடு இல்லாதவர்கள் பெரிய கோப்புகளைப் பலருக்கும் கொண்டுசேர்க்க உதவும் ஏற்பாடு இது.

கைமாறிய ஒரு மென்பொருளின் கதை

நெறிமுறை கூட்டுறவுத் தன்மை கொண்டது என்பதாலேயே அதை இயக்கும் மென்பொருளும் அப்படியே இருந்துவிடும் என்று நம்புவது பிழை. மியூடோரண்ட் என்றும் யூடோரண்ட் என்றும் அழைக்கப்படும் மென்பொருளின் வரலாறு இதற்குச் சான்று. ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற நிரலாளர் 2005 செப்டம்பரில் அதை வெளியிட்டார். ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான அளவு; பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடியது; விளம்பரம் இல்லை. அது கோடிக்கணக்கான கணினிகளுக்குப் பரவியது அந்த எளிமையால்தான். ஆனால் அதன் மூலநிரல் ஒருபோதும் பொதுவில் வைக்கப்படவில்லை.

2006 டிசம்பரில் பிட்டோரண்ட் நிறுவனம் அதை வாங்கியது. அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள் முன்பு மூலநிரல் திறந்ததாக இருந்தது. 2007இல் அதுவும் யூடோரண்டின் அடிப்படைக்கு மாற்றப்பட்டு மூடப்பட்டது. 2012இல் மென்பொருளுக்குள் விளம்பரங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. 2015 மார்ச் மாதத்தில், யூடோரண்டோடு சேர்ந்து கிரிப்டோ நாணயம் உருவாக்கும் எபிக் ஸ்கேல் என்ற மென்பொருளும் தம் கணினிகளில் புகுந்துவிட்டதாகப் பயனர்கள் புகார் எழுப்பினர். ஒப்புதல் பெறாமல் எதுவும் நிறுவப்படவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். நிறுவும்போது அடுத்தடுத்து வரும் பெட்டிகளில் ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது என்பது கணினி பயன்படுத்தும் எவருக்கும் தெரியும். எதிர்ப்புக்குப் பின் அந்த இணைப்பு நீக்கப்பட்டது. 2018இல் மொத்த நிறுவனமும் ட்ரான் என்ற கிரிப்டோ நாணய நிறுவனத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் வசம் சென்றது. விண்டோஸின் டிஃபெண்டர் பாதுகாப்பு மென்பொருள் யூடோரண்டை விரும்பத்தகாததாக இருக்கக்கூடிய மென்பொருள் என வகைப்படுத்துவதும் உண்டு.

இதில் தனிநபரின் பேராசையைத் தேடுவது பயன் தராது. கோடிக்கணக்கான பயனர்களைக் கொண்ட ஒரு பொருளை மூலதனம் விலைகொடுத்து வாங்கினால், போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தே தீரும். பயனர் பணம் தருவதில்லை. எனவே அவரது கவனம் விற்கப்படுகிறது. அது போதாதபோது அவரது கணினியின் உழைப்பும், அவர் கட்டணம் செலுத்தும் மின்சாரமும் லாபத்துக்கான மூலப்பொருளாகின்றன. துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வலைப்பின்னலை வாழவைப்பவர்கள் பயனர்கள். அதன்மேல் வாடகை வசூலிப்பவர் உரிமையாளர். இலவசம் என்ற சொல் இந்த உறவை மறைக்கும் திரை.

மாற்று எங்கே இருக்கிறது

இதே நெறிமுறையில் இயங்கும் வேறு மென்பொருட்களின் வரலாறு வேறு விதமாக அமைந்தது. க்யூபிட்டோரண்ட் 2006இல் பிரான்சில் கிறிஸ்டோஃப் டூமே என்ற மாணவரால் தொடங்கப்பட்டது. இன்று தன்னார்வ நிரலாளர்கள் அதை வளர்க்கின்றனர், நன்கொடையில் இயங்குகிறது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்கிறது. டிரான்ஸ்மிஷன் அதைவிட எளிமையானது. வசதிகள் குறைவு, பழகுவதற்கு நேரம் பிடிக்காது. டெலூஜ் மற்றொன்று. மூன்றுமே கட்டற்ற மென்பொருட்கள். அதாவது, எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம்.

இந்த உரிமை ஏட்டளவிலான உரிமை அல்ல. ஒரு காலத்தில் பெரும் புகழ்பெற்ற அசூரியஸ், வியூஸ் எனப் பெயர் மாறி, விளம்பரங்களையும் தேவையற்ற இணைப்புகளையும் சுமக்கத் தொடங்கியது. ஆனால் அதன் அடிப்படை நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்தது. முன்பு அதை உருவாக்கிய நிரலாளர்களே அந்த நிரலை எடுத்து 2017இல் பிக்லிபிடி என்ற விளம்பரமற்ற மென்பொருளாக வெளியிட்டனர். யூடோரண்ட் பயனர்களுக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை. ஒரு நிறுவனம் தடம் மாறும்போது உழைப்பின் பலனை மீட்டெடுக்க முடிவதும் முடியாமற்போவதும் உரிமத்தைப் பொறுத்தது.

வீட்டுக் கணினிக்கு எது ஏற்றது? விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு க்யூபிட்டோரண்ட் போதுமானது. லினக்ஸ் பயன்படுத்துவோர் அந்த இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தே டிரான்ஸ்மிஷனையோ க்யூபிட்டோரண்டையோ நிறுவிக்கொள்ளலாம். வெளித்தளம் எதற்கும் போக வேண்டியதில்லை.

திறந்த நிரல் மட்டும் போதுமா

போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், மேக் கணினிக்கான பதிப்பில் கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரலைக் கலந்துவிட்டனர். அது கோப்புகளைப் பூட்டி, திறக்க ஒரு பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஒருமுறை வேறொரு தீநிரல் கலக்கப்பட்டது. க்யூபிட்டோரண்டிலோ, சில பதிவிறக்கங்களின்போது எதிர்முனையில் இருப்பது உண்மையான தளம்தானா என்பதைச் சான்றிதழ் கொண்டு சரிபார்க்காத குறை 2010 முதல் இருந்துவந்தது. 2024 அக்டோபரில் வெளியான 5.0.1 பதிப்பில்தான் அது களையப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் நிரல் அனைவரின் கண்முன்னும் கிடந்தது, பார்த்தவர் இல்லை.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம், மூடிய மென்பொருளே மேல் என்பதல்ல. யூடோரண்டிலும் 2018இல் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. கூகுளின் ஆய்வாளர் ஒருவர் அதைக் கண்டறிந்தார். பொதுச்சொத்து என்று அறிவிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, அதைக் காக்கவும் பராமரிக்கவும் ஆட்களும் நிதியும் வேண்டும் என்பதே பாடம். கிராமத்துக் கண்மாய்க்கு இது பொருந்தும், நிரலுக்கும் பொருந்தும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

முதலாவது, எந்த மென்பொருளையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். புகழ்பெற்ற கட்டற்ற மென்பொருட்களின் பெயரை ஒத்த போலித் தளங்கள் உண்டு. தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வருவது பெரும்பாலும் மெய்யான தளமாக இருக்காது. க்யூபிட்டோரண்டின் பதிவிறக்கப் பக்கத்தில் சரிபார்ப்பு எண்ணும் டிஜிட்டல் கையொப்பமும் வெளியிடப்படுகின்றன. கணினி அறிந்த இளம் தோழர் ஒருவர் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை மற்றவர்களுக்குக் கற்றுத்தரலாம்.

இரண்டாவது, பழைய விளம்பர மென்பொருளை முழுமையாக நீக்க வேண்டும். அதனுடன் வந்த உலாவி இணைப்புகளையும் தேடிப் பிடித்து அகற்ற வேண்டும்.

மூன்றாவது, தேவையற்ற வசதிகளைத் திறந்து வைக்கக் கூடாது. தொலைவிலிருந்து உலாவி வழியாகக் கட்டுப்படுத்தும் வசதி வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. அறியாதவர்கள் எழுதிய தேடல் இணைப்புகளைச் சேர்ப்பது, அவர்களின் நிரலைத் தம் கணினியில் ஓட்ட அனுமதிப்பதற்குச் சமம். புதிய பதிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் மாற வேண்டும்.

நான்காவது, பதிவேற்ற வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். இல்லையேல் பிள்ளையின் இணைய வகுப்பு தடைப்படும். கைப்பேசி இணைப்பில் தரவு தீர்ந்துபோகும். அதே சமயம், பெற்றதும் மூடிவிட்டு ஓடிவிடாமல், பெற்ற அளவுக்கேனும் பிறருக்குக் கொடுத்துவிட்டு நிறுத்துவது இந்த ஏற்பாட்டின் அறம்.

ஐந்தாவது, மென்பொருள் பாதுகாப்பானதாக இருந்தாலும் கோப்பு பாதுகாப்பானது என்று பொருளல்ல. சரிபார்ப்பு எண், கோப்பு இடையில் மாறவில்லை என்பதைத்தான் உறுதிப்படுத்தும். முதலில் பகிர்ந்தவர் நேர்மையானவர் என்பதை அல்ல. விண்டோஸ் கோப்பின் விகுதியை மறைத்தே காட்டும். அதை வெளிப்படுத்தும்படி மாற்றிக்கொண்டால், படம் என்ற பெயரில் வரும் எக்ஸ்இ கோப்பு அடையாளம் தெரிந்துவிடும். பூட்டுடைத்த விண்டோஸ், பூட்டுடைத்த அலுவலக மென்பொருள் ஆகியவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

சட்டமும் அரசியலும்

டோரண்டைப் பயன்படுத்துவது சட்டவிரோதமன்று. எதைப் பகிர்கிறோம் என்பதே கேள்வி. டோரண்டில் பெறுபவர் அதே நேரத்தில் கொடுப்பவராகவும் ஆகிறார். எனவே பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர் வெறும் பார்வையாளர் அல்லர், விநியோகிப்பவர். அவரது இணைய முகவரி அந்தக் கோப்பைப் பகிரும் அனைவருக்கும் தெரியும். பணம் கட்டிப் பெறும் விபிஎன் முழு மறைவைத் தரும் என்பதும் மாயை. 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டுள்ளது. கண்காணிப்பு விரிந்துவரும் காலத்தில், இயக்கத்தின் உள் ஆவணங்களை டோரண்டில் பகிர்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

அறிவைப் பெறும் உரிமைக்கான போராட்டத்தையும் திரைப்படத் திருட்டையும் ஒன்றாக்கக் கூடாது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் நகலகம் ஒன்றின்மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கை 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2017இல் அவை வழக்கைத் திரும்பப் பெற்றன. மாணவர்கள் வெளிப்படையாக நின்று, வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டு பெற்ற வெற்றி அது. மறைவில் படம் இறக்குவது அத்தகைய போராட்டமாகாது. திரைத்துறைத் தொழிலாளரின் கூலியைக் கேள்விக்குள்ளாக்கும் செயலை முற்போக்கு என்று அழைக்க இயலாது.

கேரளத்தின் அரசுப் பள்ளிகள் தனியுடைமை மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இயங்குவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் அம்மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் மதிப்பிட்டது. அந்த மாற்றம் தனிநபர்களின் நல்லெண்ணத்தால் நிகழவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, பாடநூலை மாற்றி, அமைப்பாக நின்று செய்யப்பட்டது.

அந்த வழி கிளைகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பகுதிக் குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, உறுப்பினர்களின் கணினிகளில் உள்ள விளம்பர மென்பொருட்களை அகற்றிக் கட்டற்ற மாற்றுகளை நிறுவித் தரலாம். வெளிப்படையாகப் பகிரத்தக்க பொதுக்கூட்ட உரைகள், வகுப்பு ஒலிப்பதிவுகள், உரிமம் பெற்ற ஆவணப்படங்கள் ஆகியவற்றை டோரண்டாக வெளியிட்டு, பத்துத் தோழர்களின் கணினிகள் அவற்றைத் தாங்கிநிற்கும்படி செய்தால், யூடியூப் ஒரு காணொளியை நீக்கினாலும் அது மறைந்துவிடாது. இந்தக் கருவிகளை ஊதியமின்றிப் பராமரிப்போருக்குச் சிறு நன்கொடையும் அனுப்பலாம். பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோர் அதைக் காப்பதிலும் பங்கேற்க வேண்டும்.