பாட்டியும் படகில் ஏறட்டும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது, "இந்த முறை புலாவ் உபினுக்குப் போகலாமா?" என்ற பேச்சு சிங்கப்பூரில் பல வீடுகளில் எழுவதுண்டு. கடப்பிதழ் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம். சாங்கி முனைப் படகுத்துறையில் படகு ஏறினால் ஏறத்தாழ 10 நிமிடத்தில் தீவை அடைந்துவிடலாம். இவ்வளவு எளிய பயணத்திற்குத் திட்டம் எதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தால் இழப்புக்கு உள்ளாகிறவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பாட்டியோ தாத்தாவோதான்.

புறப்படும் நாள் காலையில் அம்மா உணவுப் பொட்டலங்களைக் கட்டுவார். அப்பா குடையைத் தேடுவார். பாட்டியால் படகில் ஏற முடியுமா, அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். விடை தேட நேரம் இருக்காது. "அம்மா, நீங்கள் வீட்டிலேயே ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. பாட்டியும், "சரி, நீங்கள் போய்வாருங்கள்" என்பார். பார்ப்பதற்கு இது அக்கறைபோலத் தோன்றினாலும், உண்மையில் முன்கூட்டியே யோசிக்காததன் விளைவே.

முதியோரை அழைத்துச் செல்வதில் சிரமமே இல்லை என்று கூற முடியாது. படகுத்துறைப் படிகளில் இறங்கி, ஆடும் படகுக்குள் கால் வைக்க வேண்டும். உபின் படகுகளுக்குக் கால அட்டவணையும் கிடையாது. 12 பயணிகள் சேர்ந்த பிறகே படகு புறப்படும். காத்திருக்க விரும்பாதவர்கள் 12 பேருக்கான கட்டணத்தையும் தாங்களே செலுத்தலாம். ஆறு பேர் கொண்ட குடும்பம் காலியான ஆறு இடங்களுக்கும் பணம் கொடுப்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால், பின்னால் நிற்பவர்களின் அவசரம் இல்லாமல் பாட்டி நிதானமாகக் கால் வைத்து ஏறுவதற்கு அந்தத் தொகையைக் கொடுப்பதில் தவறில்லை. கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

தீவில் இறங்கியதும் பிள்ளைகளின் கண்கள் வாடகைச் சைக்கிள்கள்மீதே செல்லும். செக் ஜாவா சதுப்பு நிலம் படகுத்துறையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குச் செல்ல வேன்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டம் 2001இல் தள்ளிவைக்கப்பட்டதால் பிழைத்த கரை அது. அங்குள்ள மரப்பாலத்தில் எந்த நேரத்திலும் நடக்கலாம் என்று எண்ணிச் சென்றால், வெறும் நீரை மட்டுமே பார்த்துத் திரும்ப நேரிடும். நீர்மட்டம் நன்கு தாழ்ந்திருக்கும் வேளையில்தான் கடற்புல் திட்டுகளையும் நண்டுகளையும் காண முடியும். கடல் ஏற்ற இறக்க நேரங்கள் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. அவற்றைப் பார்த்து நாளையும் நேரத்தையும் குறிக்கும் வேலையை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். எல்லாவற்றையும் அம்மா ஒருவரே சுமக்க வேண்டியதில்லை.

உபினில் வெட்டிய கருங்கல்லைக் கொண்டு 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டி முடிக்கப்பட்டது. இத்தகைய செய்திகளைப் பிள்ளைகள் நூல்களில் படித்துக்கொள்ளலாம். ஆனால், கிணற்றில் நீர் இறைத்துக் குளித்ததையும், தகரக் கூரையில் மழை விழும் ஓசையில் உறங்கியதையும் கம்பத்தில் வளர்ந்த ஒருவரே சொல்ல முடியும். கிராமத்து வீட்டின் முன்னே கோழி மேய்வதைக் கண்டதும் பாட்டிக்கு நினைவுக்கு வரும் கதை, அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்திருக்கும்போது வருவதில்லை.

எல்லா முதியோரும் வர விரும்புவர் என்பதில்லை. முழங்கால் வலியால் துன்பப்படும் ஒருவரை வற்புறுத்தி அழைத்துச் செல்வது முறையன்று. அவரிடம் ஒரு வாரத்திற்கு முன்பே கேட்க வேண்டும். படகைப் பற்றியும் படிகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு.

வருகிறேன் என்றால், திரும்பும் நேரத்தை அவருக்கேற்ப வைத்துக்கொள்வதே நல்லது. மாலையில் பயணிகள் குறைந்தால் 12 பேர் சேர நேரமாகும். பிற்பகல் மூன்று மணிக்கே புறப்பட்டால் பிள்ளைகளின் முகம் சற்று வாடலாம். அவர்கள் வேறொரு சனிக்கிழமை நண்பர்களுடன் வந்து, ஆசை தீரச் சைக்கிள் ஓட்டிக்கொள்ளட்டும். தீவு 10 நிமிடத் தொலைவில்தானே இருக்கிறது!