பேரேட்டின் சாவி யார் கையில்?

அம்பத்தூர் ஆலைத் தொழிலாளியின் மகன் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பொறியியல் படிக்கிறான். “ஹேக்கத்தான் போட்டிக்குப் போகிறேன், இரண்டு நாள் வீட்டுக்கு வரமாட்டேன்” என்கிறான். தகப்பனார் விழிக்கிறார். விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாததா? இல்லை தோழர்களே, நம் கூலியோடு சம்பந்தப்பட்டது!

2017 முதல் இந்திய சர்க்கார் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ நடத்தி வருகிறது. ஆறு பேர் ஒரு குழு. அதில் ஒருவராவது பெண். மந்திரி இலாகாக்களும் கம்பெனிகளும் கொடுக்கும் பிரச்சினைக்கு, 36 மணி நேரம் இடைவிடாது உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தீர்வு காண வேண்டும். 2023-ல் ஒரு பிரச்சினைக்குப் பரிசு ஒரு லட்ச ரூபாய். வென்ற குழுவுக்குப் பணம், மற்றவர்களுக்கு அனுபவம்! கற்பதற்காக வாலிபர்கள் கண்விழிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால், எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிய ஊரல்லவா இது!

இந்தப் போட்டிகளில் அடிபடும் சொல் ‘பிளாக்செயின்’. 2020-ல் தமிழ்நாடு சர்க்கார் இதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. அது என்ன? பலரிடம் பிரதி உள்ள ஒரு பேரேடு. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் அடுத்த பக்கங்களின் முத்திரை பொருந்தாது, திருட்டு அம்பலமாகும். ‘ஹைப்ரிட்’ வகையில் பேரேட்டின் ஒரு பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கும். மறு பகுதி பூட்டியிருக்கும். சாவி யாரிடம்? இதுதான் கேள்வி.

பேரேட்டின் பெருமை நமக்குத் தெரியாதா? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு எட்டு என்று எழுதும் காண்டிராக்டரை நாம் பார்த்ததில்லையா? அந்தப் பொய்யைப் பிளாக்செயினில் எழுதினால் அது உண்மையாகிவிடாது. அழிக்க முடியாத பொய்யாகிவிடும்!

கிராமத்தைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்குச் செல்போன் போட்டோ வருகைப்பதிவு கட்டாயமாயிற்று. சிக்னல் இல்லாத இடத்தில், வெயிலில் மண் சுமந்தவர்களின் வருகை பதிவாகாமல் போயிற்று. எந்திரத்தின் தவறுக்கு உழைத்தவர் கூலி இழந்தார்.

எனவே எந்திரத்தை வெறுக்க வேண்டாம், அதைக் கைப்பற்றுவோம். கூலிப் பேரேடு பிளாக்செயினில் ஏறட்டும். ஆனால், வேலை நேரத்தைத் தொழிலாளி ஒப்புக்கொண்ட பிறகே பதிவு செய்ய வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தப் பதிவு சேர்க்க அவனுக்கு உரிமை வேண்டும். ஒரு பிரதி சங்கத்திடம் இருக்க வேண்டும்.

மாணவத் தோழனே, போட்டிக்குப் போ! மாணவர்கள் தாமே பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் பிரிவும் அங்கே இருந்து வந்திருக்கிறது. உன் தகப்பனின் சம்பளச் சீட்டை, உன் தாயின் வேலை அட்டையை எடுத்துச் செல். முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு அதுதான்.

பேரேடு நம் உழைப்பால் நிரம்புகிறது. அதன் சாவியிலும் நமக்குப் பங்கு வேண்டும்!